போகிறேன் என்றவருக்கு மாலை

வேலையை விட்டுப் போகிறேன் என்று எங்கள் மேனேஜரிடம் சொல்வதற்கு ஒருவனுக்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும். திட்ட மாட்டார். சம்பளத்தைப் பிடித்துவைக்க மாட்டார். முகத்தைக்கூடத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டார். மாலை போட்டுவிடுவார்.

வெறும் மாலை என்றால் வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம். கூடவே ஒரு கல்யாண வீட்டுக்கான அமர்க்களமும் உண்டு. ஒரு மஞ்சப்பையில் மலைவாழைப்பழமும் கமலா ஆரஞ்சும் போட்டுக் கையில் கொடுப்பார். லாட்ஜில் வேலை செய்கிற அத்தனை பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்துவார். போகிறவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார். அதைக் கேட்டால் போகிறவருக்கே, ‘இவ்வளவு நல்லவனா நான், அப்புறம் ஏன் என்னைப் போகவிடுகிறார்கள்?’ என்று கண் கலங்கும். பிறகு அவருடைய பெட்டியை மேனேஜரே தோளில் தூக்கிக்கொண்டு ஏரிக்கரை வழியாக நடப்பார். கடைத்தெருவே எழுந்து நின்று பார்க்கும். பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வைத்து, கண்டக்டரிடம் டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, பஸ் வளைவில் மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். ‘நான் போகிறேன்’ என்று முதலாளியிடம் சொல்கிற முக்கால்வாசிப் பேர் போவதற்காகவா சொல்கிறார்கள்? ‘ஐயோ, நீ போய்விட்டால் என் கதி என்ன ஆவது’ என்று அவர் பதற வேண்டும், அதற்காகச் சொல்வது. பதறினால் சம்பளத்தில் கொஞ்சம் ஏறும், வேலையில் கொஞ்சம் குறையும். உலகம் பூராவும் இப்படித்தான் நடக்கிறது. ஏற்காட்டில் எங்கள் லாட்ஜில் மட்டும் நடக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில், பி.ஏ. வரலாறு முடித்த கையோடு அந்த லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்தேன். ரிசப்ஷன் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, பின்னால் சாவிகள் தொங்குகிற பலகை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?” பனிமூட்டத்தில் மூக்கு நுனியே தெரியாத நாளிலும் கேட்பார்கள். முகலாயர்களின் வீழ்ச்சிக்கான காரணங்களை மனப்பாடம் செய்தவன் நான். ஏரி எந்தப் பக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் மே மாதத்திலும் மப்ளர் சுற்றியிருப்பார். குல்லா காதை மூடியிருக்கும். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட “கொஞ்சம் தள்ளிப் படுங்க” என்றுதான் சொல்வார். என்னை மட்டும் வயசு குறைந்தவன் என்பதால் “சாமி” என்று கூப்பிட்டு நீ, வா, போ என்பார். அடிக்கடி அவர் வாயில் வருகிற வாக்கியம் ஒன்று உண்டு. “கெளம்புனவிகளை நிறுத்தப்படாதுங்க, பாவம்.” யாருக்குப் பாவம் என்று கடைசிவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் சேர்ந்த புதிதில் சமையல்காரர் மாட்டினார். சீசன் நேரம், எல்லா ரூமும் நிறைந்திருந்தது. இதைவிட்டால் நமக்கு வேறு நல்ல நேரம் வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கரண்டியோடு கவுண்டருக்கு வந்து நின்றார்.

“மாவாட்டறதுக்கு ஒரு ஆளப் போடுங்க. இல்லாட்டி என்னைய உட்டுருங்க. நாளைக்கே கெளம்பிக்கறேன்.”

மேனேஜர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“அப்புடீங்களா? நாளைக்கு எதுக்குங்க? நாளைக்கு அட்டமி. இன்னிக்கே நாள் நல்லாருக்குது. மத்தியானப் பஸ்ஸு இருக்குதுங்களே.”

சமையல்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். திறந்த வாய் மூடுவதற்குள் செவ்வந்தி மாலை வந்துவிட்டது. வாசலில் வரிசையாக நின்றோம். “இவிய கைப்பக்குவத்துக்கு மெட்ராஸ்ல ஓட்டலு வெச்சா சனங்க கியூவுல நிக்கும். நம்மளாட்டம் ஏழைபாழைக்கு இத்தனை நாளு ஆக்கிப் போட்டாங்க. நாம குடுத்துவெச்சது அவ்வளவுதானுங்க” என்று மேனேஜர் பேசினார். எதிர்த்த வீட்டு அம்மாள் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சமையல்காரருக்கு இனி எந்த வழியாகப் பின்வாங்குவது? கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

மத்தியானம் மேனேஜரே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்புமா கிண்டினார். கொட்டினது ரவைதானா, சிமென்ட்டா என்று ஒரு கோயமுத்தூர்க்காரர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் சமையல்காரர் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். வேர்த்து விறுவிறுத்து, வேட்டியில் செம்மண். நான் பதறிப்போய் மேனேஜரைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை.

“ஏனுங்க, ராத்திரிக்குச் சப்பாத்தி எல்லா ரூமுக்கும் வேணும்ங்க.”

“சரிங்க” என்றார் சமையல்காரர். அவ்வளவுதான். போனதைப் பற்றியோ வந்ததைப் பற்றியோ அதற்கப்புறம் ஒரு பேச்சு இல்லை. மாவாட்ட ஆளும் வரவில்லை. மாலை மட்டும் சமையலறைப் பிள்ளையார் படத்தில் சருகாகிற வரைக்கும் தொங்கியது.

எங்கே போனார், எப்படி வந்தார் என்று நானும் கேட்கவில்லை. மாலை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவரிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது லாட்ஜில் சொல்லாமலே தெரிந்த சட்டம். கேட்டவன் முகத்தில் வெந்நீர் விழலாம்.

வந்து தங்குகிறவர்களுக்கும் இதே மரியாதைதான். மெட்ராஸ்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சுவரில் ஈரம், போர்வையில் நாற்றம், பக்கெட்டில் செம்மண் தண்ணீர் என்று குதித்தார். எல்லாமே உண்மைதான். “இந்த ரூம்ல மனுஷன் தங்குவானா? நான் வேற லாட்ஜுக்குப் போறேன்!”

“நல்ல முடிவுங்க” என்றார் மேனேஜர். அவரே ஓடிப்போய் ஜீப் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரிலிருக்கிற நல்ல லாட்ஜுகளின் பெயர்களையெல்லாம் ஜீப் டிரைவருக்கு எடுத்துச் சொன்னார். பெட்டிகளை அவரே ஏற்றினார். மெட்ராஸ்காரருக்கு மாலை ஒன்றுதான் பாக்கி. சீசனில் ஏற்காட்டில் காலியாக எந்த ரூம் இருக்கும்? ஊரெல்லாம் சுற்றிவிட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஜீப் திரும்பி வந்தது. ரூமில் போர்வை மாற்றியிருந்தது. பிளாஸ்க்கில் காபி தயாராக இருந்தது. “மொதல்லயே நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டீங்களா?” என்று அவர் மனைவி மாடிப்படி முழுக்கச் சொல்லிக்கொண்டே ஏறினார். மெட்ராஸ்காரர் மேனேஜரைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார். மேனேஜர் புதிதாக வந்தவரை வரவேற்பதுபோலக் கும்பிட்டார்.

மாடி ரூம்களுக்கு வெந்நீர் சுமக்கிற அக்கா விஷயத்தில்தான் மேனேஜருக்கே கொஞ்சம் திண்டாட்டமாகிவிட்டது. பக்கத்து மலைக்கிராமமான மாரமங்கலத்துக்காரர். சொந்தக் காட்டில் கொஞ்சம் காப்பியும் மிளகும் உண்டு, வாயும் உண்டு. “தூக்கித் தூக்கி இடுப்பொடிஞ்சு போச்சுங்க. நாளையில இருந்து நான் வர்ல” என்று பக்கெட்டை டங்கென்று வைத்தார். பழக்கதோஷத்தில் மாலை வரவழைத்துவிட்டார் மேனேஜர். வந்த பிறகுதான் யோசனை வந்திருக்கிறது, நாலு பேர் பார்க்க அடுத்தவர் பெண்டாட்டி கழுத்தில் எப்படி மாலை போடுவது? மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் பார்த்தார். அக்கா இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். கடைசியில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு மாலையையும் வைத்து, மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினார்.

மறுநாள் அக்கா வரவில்லை. அதற்கு மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வந்து நின்றார். “மாலைய நேரா சேர்வராயன் கோயிலுக்குக் கொண்டுட்டுப் போயி சாமிக்கே போட்டுட்டு வந்துட்டனுங்க. எனக்கெதுக்கு அது? வெந்நி எத்தனை ரூமுக்குங்க?”

“சாமிக்கு நல்லா இருந்துச்சுங்களா?” என்று கேட்டார் மேனேஜர். கிண்டலா, அக்கறையா என்று அந்த முகத்தில் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அதுதான் அவரிடம் எனக்கு இருந்த பெரிய தொல்லை. சமையல்காரரிடம் கேட்டால், “கமுக்கமான ஆளுங்க. சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பாரு” என்பார். வெந்நீர் அக்காவைக் கேட்டால், “பச்சப்புள்ள மாதிரிங்க. என்ன சொன்னாலும் அப்படியே நம்பிப்போடுவாரு” என்பார். லாட்ஜ் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தது. நான் காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் ஒரு கட்சி.

முதலாளி விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சியாகிக் கொண்டாடினோம். சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வருவார் முதலாளி. வரவு குறைந்திருந்தால், “இந்தக் கருமத்த வித்துத் தொலச்சுட்டு நிம்மதியா இருக்கப் போறேன்யா!” என்று மேஜையைத் தட்டுவார். முன்பிருந்த மேனேஜர்கள் அப்போதெல்லாம் காலில் விழாத குறையாகக் கெஞ்சுவார்களாம். எங்கள் மேனேஜர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு புரோக்கரையும், வாங்குகிற ஆளையும், வெற்றிலைத் தட்டையும் தயாராக வைத்திருந்தார். முதலாளி காரை விட்டு இறங்கியதும், “பார்ட்டி நொம்ப நல்ல பார்ட்டிங்க. இன்னிக்கே அட்வான்ஸ் குடுத்தர்றேங்கறாங்க” என்றார். முதலாளிக்கு வேர்த்த வேர்வையை அந்தக் குளிரில் நான் வேறு யாருக்கும் பார்த்ததில்லை. அதோடு விற்கிற பேச்சு நின்றது.

ஒரு நாள் வாயை விட்டுக் கேட்டேன். “நீங்க எப்பவாச்சும் போறேன்னு யாருகிட்டயாவது சொன்னதுண்டுங்களா?”

“யாருகிட்டச் சாமி சொல்றது? மாலை வாங்கியாரவனே நாந்தான?” என்றார். பிறகு சாவிப் பலகையில் கோணலாகத் தொங்கிய சாவியை நேராக்கினார். அவரும் ஏதோ ஒரு நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும் இருப்போம் என்று அதே ரிசப்ஷன் நாற்காலிக்கு வந்தவர்தான் என்று சமையல்காரர் சொல்லியிருக்கிறார். அந்த நல்ல வேலை எங்கே வழிதவறிப் போயிற்றோ தெரியாது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சேலத்திலிருந்து மாமா லாட்ஜுக்கே டிரங்கால் போட்டார். அம்மாவுடைய தம்பி, எங்கள் குடும்பத்தில் முடிவெடுக்கிற உரிமை முழுவதையும் குத்தகைக்கு எடுத்தவர். ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ மில் ஒன்றில் ஆபீஸ் வேலை ஏற்பாடு செய்துவிட்டாராம். அடுத்த வாரம் திங்கட்கிழமை சேர வேண்டுமாம்.

“யோசிச்சுச் சொல்றேனுங்க மாமா.”

“இதுல யோசிக்க என்னடா இருக்குது? லாட்ஜுல சாவி எடுத்துக் குடுக்கறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? நீ வர்ற, சேர்ற” என்று வைத்துவிட்டார்.

யோசித்தேன். ஐயோ, அந்த ஒரு வாரம் நான் யோசித்த மாதிரி எந்த மந்திரிசபையும் யோசித்திருக்காது. மாமா சொல்வது நியாயம்தான். இந்த நாற்காலியில் உட்கார்ந்தே கிழவனாகி மப்ளர் சுற்றிக்கொள்ளப் போகிறேனா? ஆனால் காலையில் பனி விலகி ஏரி மெல்லத் தெரிகிறபோது சேகோ மில்லாவது ஒன்றாவது என்று தோன்றும். உடனே ஒருவன் வந்து, “இங்க பாக்கறதுக்கு என்ன இருக்கு?” என்பான். இன்றைக்கே ஓடிவிடலாம் என்று தோன்றும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்ததா? இப்போது யாராவது கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், பிடித்திருந்தது, ரொம்பப் பிடித்திருந்தது. வந்திறங்குகிற முகங்களைப் பார்த்து, இவர்கள் புதிதாகக் கல்யாணமானவர்கள், இவர்கள் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது எனக்கு அலுக்கவே இல்லை. அப்போது அதையெல்லாம் ஒரு வேலை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

கடைசியில் ஒன்று தெரிந்தது. யாராவது ஒரே ஒரு ஆள், ‘போகாதே’ என்று சொன்னால் போதும், இருந்துவிடுவேன். அதைச் சொல்ல அந்த மலையில் எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அந்த ஆள் யாரிடமும் அதைச் சொன்னதே இல்லை. எனக்குச் சொல்வார் என்று நான் ஏன் நம்பினேன்? நம்பினேன், அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும்தான் நாள் முழுக்க ஒரே மேஜை, ஒரே பிளாஸ்க்.

சனிக்கிழமை மத்தியானம், கவுண்டரில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்தேன்.

“சேலத்துல ஒரு வேலை வந்திருக்குதுங்க. போயிரலாமான்னு பாக்கறனுங்க.”

அவர் கையிலிருந்த சாவியை ஆணியில் மாட்டினார்.

“எப்பச் சாமி சேரோணும்?”

“திங்கக்கெழமைங்க.”

“அப்ப நாளைக்கு வெள்ளெனக் கெளம்பீரலாம்” என்று சொல்லிவிட்டு, உள்பக்கம் திரும்பி, “ஏனுங்க, பூக்கடைக்கு ஒரு ஆளு போவோணும்ங்க!” என்று குரல் கொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சாவிப் பலகையைப் பிடுங்கி ஏரியில் எறிந்திருப்பேன்.

மறுநாள் காலை வாசலில் வரிசை. சமையல்காரர் என் கண்ணைப் பார்க்காமல் நின்றார். அக்கா, “நல்லா இரு கண்ணு” என்றார். மேனேஜர் பேசினார். “நம்ம லாட்ஜுல சாவி தொலையாத வருசம்னு ஒண்ணு இருந்தா, அது இந்தச் சாமி இருந்த வருசந்தானுங்க.” நாலு வார்த்தையெல்லாம் இல்லை, அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். சமையல்காரருக்குப் பேச்சில் மெட்ராஸ் ஓட்டலே கிடைத்தது. பட்டம் படித்தவனுக்குச் சாவி. ஆனாலும் அவர் குரல் கொஞ்சம் இறங்கின மாதிரிதான் இருந்தது. குல்லாவும் மப்ளரும் மூடிய முகத்தில் என்ன தெரியும்?

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கழுத்தில் மாலையோடு நான் பின்னால் நடந்தேன். பலி கொடுக்கக் கூட்டிப்போகிற ஆட்டுக்குத்தான் என் மனசு புரிந்திருக்கும். பஸ் கிளம்பியது, கை காட்டினார். நான் காட்டவில்லை.

ஊர் எல்லை தாண்டி, ஒரு எஸ்டேட் கேட்டுக்கு எதிரே பஸ் நின்றது. கண்டக்டர் என் பக்கம் பார்த்து, “லாட்ஜு, எறங்குங்க!” என்றார்.

நான் திருதிருவென்று விழித்தேன்.

“உங்களைத்தானுங்க. லாட்ஜுக்காரவிய வழக்கமா எறங்கற எடம் இதுதானுங்களே” என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். “அட, பழக்கத்துல கூப்புட்டுட்டேன். நீங்க உக்காருங்க. உங்களுக்குச் சேலம் டிக்கெட்டுங்க.”

“லாட்ஜுக்காரங்க இங்க எதுக்குங்க எறங்கறாங்க?”

“மேனேஜரு அவியளுக்கு இந்த ஸ்டாப்பு வரைக்குந்தான் டிக்கெட்டுக்குக் காசு குடுப்பாருங்க. உங்க சமையக்காரரு ரெண்டு தடவ எறங்கியிருக்காரு. மாலையக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, அந்தா, அந்தக் கடையில டீ குடிச்சுட்டு, வெயில் தாழ நடந்து திரும்பிப் போயிருவாரு. உங்களுக்குத்தான் மொதத் தடவையா சேலம் வரைக்கும் குடுத்திருக்காரு.”

பஸ்ஸில் எல்லோரும் என்னையும் மாலையையும் பார்த்தார்கள். கண்டக்டர் மற்றவர்களுக்கும் விஷயத்தை விளக்கிச் சொன்னார். இனிமேல் எனக்கென்று அந்தரங்கம் ஒன்றும் மிச்சமில்லை.

“உன்மேல நொம்பப் பாசம் சாமி” என்றார் பலாப்பழத்தை மடியில் வைத்திருந்த அம்மாள். “நீயாவது போயிப் பொழச்சுக்கோன்னு நெனச்சிருக்காரு.”

“அட நீங்க வேற! தொல்லை தீந்துச்சுன்னு காசு குடுத்திருக்கறான். நாளைக்கு இந்தப் பையன் மேனேஜர் ஆயிட்டா அவன் பொழப்பு என்னாவறது?” என்றார் மிளகு மூட்டைக்காரர்.

“பெத்த பையனாட்டம் அனுப்பி வெச்சிருக்காரு, நீங்க ஒண்ணு!”

“பெத்தவன் எவனாவது மாலை போடுவானா?”

கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “ஏனுங்க, எறங்கறதுன்னா எறங்கிக்குங்க. பின்னால வண்டி நிக்குது.”

நான் பாதி எழுந்து நின்றேன். இறங்கிவிடலாம். டீ குடித்துவிட்டு நடந்தால் சாயங்காலத்துக்குள் நாற்காலியில் இருக்கலாம். அவரும் ஒன்றும் கேட்க மாட்டார். ஆனால் எந்த முகத்தோடு? சமையல்காரர் திரும்பி வர வேண்டும் என்று மேனேஜர் அவர் டிக்கெட்டை இந்த ஸ்டாப்போடு நிறுத்தியிருக்கிறார். என்னை மட்டும் மலையை விட்டே இறக்கிவிடக் காசு கொடுத்திருக்கிறார். பாசமோ, தொல்லையோ, எப்படிப் பார்த்தாலும் ‘திரும்பி வராதே’ என்றுதானே அதற்கு அர்த்தம்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. உட்கார்ந்தேன்.

“போலாம்ங்க” என்றேன்.

வளைவுக்கு வளைவு அழுதுகொண்டே இறங்கினேன். பலாப்பழ அம்மாள் வாந்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

சேகோ மில்லில் சேர்ந்தேன். கிழங்கு மாவு புளிக்கிற வாடை சட்டையில் ஏறியது, தலைமுடியில் ஏறியது, சாப்பாட்டில் ஏறியது. மாமா சொன்னபடி பெண் கிடைத்தது. அந்த வேலையில் ஒரு நாளும் எனக்கு மனசு ஒட்டவில்லை. அங்கே யாராவது போகிறேன் என்றால், சாப்பாட்டு நேரத்துக்குள் அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பான். வெயிலில் மொட்டைமாடிக்குப் போனால் வடக்கே மலை தெரியும். இப்போதே ஒரு பஸ் ஏறினால் என்ன என்று எத்தனையோ தடவை தோன்றியதுண்டு. உடனே அந்தக் கண்டக்டர் குரல் கேட்கும், உங்களுக்குச் சேலம் டிக்கெட்டுங்க. இறங்கிவிடுவேன், மாடியிலிருந்து.

வருஷங்கள் ஓடி, ஒரு கோடை லீவில் மனைவியும் மகளும் ஏற்காடு பார்க்க வேண்டும் என்றார்கள். வேறு லாட்ஜுக்குத்தான் போனேன், ரூம் இல்லை. எந்த லாட்ஜிலும் இல்லை. கடைசியில் பழைய லாட்ஜ் வாசலில் போய் நின்றேன். அதே குல்லா, அதே மப்ளர். என் நாற்காலியில் மேனேஜரே உட்கார்ந்திருந்தார்.

“வாங்க, வாங்க” என்று எழுந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, சாமி!” மகளின் கன்னத்தைத் தட்டினார். மனைவியை, “வாங்க கண்ணு” என்றார். சாவியை எடுத்துக் கொடுத்தபடியே, “நீ வர்றதுக்கு இத்தனை நாளாகும்னு நான் நெனைக்கவே இல்ல சாமி” என்றார்.

“எதுக்குங்க?”

“எதுக்கா? வேலைக்குத்தான். ரெண்டு மாசம் இந்தச் சேருல ஒருத்தரையும் போடலையே. மொதலாளி என்னைய உரிச்செடுத்துட்டாரு. சாயங்காலப் பஸ்ஸு வர்றப்பவெல்லாம் ஸ்டாண்டுக்குப் போயிப் போயிப் பாத்துட்டு வருவேன். சமையக்காரரே கேலி பண்ணுனாரு.”

“எனக்கு மட்டும் சேலம் வரைக்கும் டிக்கெட் எடுத்தீங்களே!” என்று கத்தியேவிட்டேன். மனைவி திரும்பிப் பார்த்தாள்.

“ஆமா. மத்தவிய அடுத்த ஸ்டாப்புல எறங்கி வந்துருவாங்க. நீ ரோஷக்காரன், அங்க எறங்க மாட்டே. ஊட்டுக்குப் போயி, அம்மா கையில நாலு நாள் சாப்புட்டு, மனசாறித்தான் வருவேன்னு எடுத்தேன்.”

“அதனாலதானுங்க நான் வரவே இல்ல. நீங்கதானுங்களே டிக்கெட் எடுத்து அனுப்புனீங்க?”

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார்.

“போறதுக்குத்தான நான் எடுத்தேன்? வர்றதுக்கு நீதான சாமி எடுக்கோணும்?”